தோலில் தோன்றும் சொரசொரப்பு: அலட்சியமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்

அக்கரைப்பற்றில் ஒரு மகளிர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொண்டிருந்த நேரம். வீட்டுக்கார ராத்தா, அடுப்பில் கொதித்துக் கொண்டிருந்த கேத்தலைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கி வந்தார். “சுடல்லயா ராத்தா?” என்று பதறிப்போய்க் கேட்டேன். “இந்தக் கைக்குச் சூடு அவ்வளவாத் தெரியாது தங்கச்சி” என்று சிரித்தார். சற்று நேரத்தில் அவரது சுண்டு விரலோரம் கொப்பளித்திருந்தது. அதையும் நான்தான் முதலில் கண்டேன்.

பிறகு தனியாக இருக்கும்போது சட்டையின் கையை உயர்த்திக் காட்டினார். முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அளவில் வெளிறிய ஒரு திட்டு. தொட்டுப் பார்த்தால் காய்ந்து சொரசொரவென்றிருந்தது. தேமல் என்று நினைத்து இரண்டு வருடமாகக் கடையில் வாங்கிய கிறீம்களைப் பூசி வந்திருக்கிறார். “ஏன் ஆஸ்பத்திரிக்குக் காட்டல்ல?” என்றேன். “மூத்தவளுக்குக் கலியாணம் பேசுறோம். ஊருக்குள்ள ஒரு கதை போனா வாற சம்பந்தமும் நிண்டு போயிரும்” என்றார்.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம். இப்படி நீண்ட கைக்குள் எத்தனை பேர் எதை மறைத்துக் கொண்டிருக்கிறோமோ!

தோல் ஏன் சொரசொரப்பாகிறது?

முதலில் மனதைத் தேற்றிக் கொள்ளுங்கள். தோலில் தோன்றும் சொரசொரப்புகளில் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. தோலின் மேற்பரப்பில் உள்ள எண்ணெய்ப் பசைதான் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கிறது. சவர்க்காரமும் சலவைத் தூளும் அந்தப் பசையைக் கழுவி விடுகின்றன. நாள் முழுக்கப் பாத்திரம் கழுவி, உடுப்புத் துவைத்து, மீன் வெட்டும் கைகள் வெடிப்பது இதனால்தான்.

முழங்கை, முழங்கால், குதிக்கால் போன்ற இடங்கள் ஓயாமல் அழுத்தப்படுவதால் தடித்துப் போகின்றன. அரிப்போடு சிவந்து நீர் கசிவது கரப்பானாக இருக்கலாம். வட்டமாகப் படர்ந்து ஓரம் தடித்து அரிப்பது பெரும்பாலும் படர்தாமரை எனப்படும் பூஞ்சைத் தொற்று. வெள்ளிநிறச் செதில் செதிலாக உதிர்வது சொரியாசிஸ் ஆக இருக்கலாம். இது பிறருக்குத் தொற்றாது.

வீட்டிலே செய்யக் கூடியவை

குளித்தவுடன் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தோல் முழுவதும் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். காய்ந்த பிறகு பூசுவதைவிட இது நல்ல பலன் தரும். குதிக்கால் வெடிப்புக்கு இரவில் கால்களை இருபது நிமிடம் சாதாரண நீரில் ஊறவிட்டு, மெதுவாகத் தேய்த்து, எண்ணெய் பூசிப் படுங்கள். பிளேட்டால் வெட்ட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் இதில் மிகவும் அவதானமாக இருக்க வேண்டும். வுழூச் செய்யும்போது பாதத்தையும் விரலிடுக்கையும் ஒரு தடவை உற்றுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். என்ன நோய் என்று தெரியாமல், பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று கிறீம் வாங்கிப் பூசாதீர்கள். வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றிலும் ஸ்டெரொயிட் கலந்திருப்பதுண்டு. இது அரிப்பையும் சிவப்பையும் அடக்கி, நோய் மாறிவிட்டது போலக் காட்டும். உள்ளே பூஞ்சை பரவிக் கொண்டிருக்கும். தோலும் மெலிந்து போகும்.

அரிக்காத திட்டே கவனத்துக்குரியது

அரித்தால் நாம் மருந்து தேடுகிறோம். அரிக்காமல், வலிக்காமல் இருந்தால் விட்டுவிடுகிறோம். உண்மையில் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும். வெளிறிய அல்லது சிவந்த திட்டு, அதில் உணர்ச்சி குறைவு, வியர்வை இல்லாமை, ரோமம் உதிர்தல் ஆகியவை தொழுநோயின் அடையாளங்களாக இருக்கலாம். இக்கிருமி தோலின் நரம்புகளைத் தாக்குவதால் வியர்வை நின்று, அவ்விடம் காய்ந்து சொரசொரப்பாகிறது.

கண்ணை மூடிக் கொண்டு, இன்னொருவரைப் பஞ்சு நுனியால் திட்டிலும் நல்ல தோலிலும் மாறி மாறித் தொடச் சொல்லுங்கள். திட்டில் தெரியவில்லையானால் உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். தெரிந்தாலும் மாறாத திட்டைக் காட்டத்தான் வேண்டும்.

தொழுநோய் என்றதும் மாந்தீவு நம் நினைவுக்கு வருகிறது. மட்டக்களப்பு வாவியின் நடுவே நோயாளரை ஒதுக்கி வைத்த தீவு அது. கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் 1708 இல் ஒல்லாந்தர் அமைத்த வைத்தியசாலையும் அத்தகையதே. அன்று மருந்து இருக்கவில்லை. நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் 1873 இல்தான் இக்கிருமியைக் கண்டறிந்தார். அதாவது இது சாபமுமல்ல, பரம்பரை நோயுமல்ல. இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை வழங்கப்படுகிறது. நோயின் தன்மைக்கேற்ப ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் குடித்தால் நோய் முற்றாகக் குணமாகும். அரசாங்க வைத்தியசாலைகளின் தோல் நோய்ப் பிரிவில் இது இலவசம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரின் ஆலோசனையோடு தொடரலாம்.

பெரும்பாலானோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. தொட்டாலோ, ஒரே பீங்கானில் சாப்பிட்டாலோ பரவாது. சிகிச்சை பெறாத ஒருவருடன் நெடுங்காலம் நெருங்கி வாழும்போது மூச்சுக் காற்றினூடாகவே பரவுகிறது. மருந்து தொடங்கிச் சிறிது காலத்திலேயே தொற்றும் தன்மை நின்றுவிடும்.

1995 இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற மட்டத்திலிருந்து இந்நோயை நாடு கீழே இறக்கியது. ஆனாலும் 2010களில் வருடமொன்றுக்கு ஏறக்குறைய 2,000 புதிய நோயாளர்கள் கண்டறியப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் சிறுவர். நமது கிழக்குக் கரையும் இதற்கு விலக்கல்ல.

மறைப்பதால் இழப்பது

எதை மறைத்தால் பிள்ளையின் வாழ்வு காக்கப்படும் என்று அந்த ராத்தா நினைத்தாரோ, அதை மறைத்ததால்தான் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஆபத்து இருந்தது. இதை விளங்கப்படுத்தியபோது அவர் அழுதார். மறுவாரமே என்னோடு வந்தார். சந்தேகம் உறுதியானது. வீட்டார் அனைவரும் பரிசோதிக்கப்பட்டனர். ஒருவருக்கும் நோய் இல்லை. அவர் மருந்தை ஒரு நாளும் விடாமல் குடித்து முடித்தார். திட்டு மங்கியது. மகளின் திருமணமும் குறித்த நாளில் நடந்தது.

ஆனால் சுண்டு விரலுக்கு உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. மருந்து கிருமியைக் கொல்லும். கெட்டுப்போன நரம்பை முழுதாக மீட்டுத் தராது. அந்த இரண்டு வருடம் போனது போனதுதான். இப்போது அவர் துணி பிடித்தே கேத்தலைத் தூக்குகிறார். தினமும் கையை ஊறவிட்டு எண்ணெய் பூசுகிறார்.

சகோதரிகளே, இன்று குளிக்கும்போது உங்கள் தோலையும் பிள்ளைகளின் தோலையும் பாருங்கள். முதுகைப் பார்க்க இன்னொருவரின் உதவி வேண்டும். சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அடுத்த வீட்டுப் பெண் தன் கையை உயர்த்திக் காட்டினால், அந்தக் கதையை ஊருக்குக் கொண்டு செல்லாமல் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.