செவிலியர் பட்டப் படிப்பு: பெற்றோர் அறிய வேண்டுவன

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம் இல்லங்களில் நடைபெறும் பேச்செல்லாம் அடுத்து என்ன படிப்பது என்பது பற்றியே. தாயகம் விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நமக்கு இவ்வினா இரு மடங்கு பாரமானது. அருகிலிருந்து வழிகாட்டும் உறவினர் பலருக்கு இல்லை. எந்த மாநிலத்தில் படித்தால் எங்கே வேலை பார்க்கலாம் என்ற குழப்பமும் உண்டு. பொறியியல், மருத்துவம், கணக்கியல் ஆகியவற்றைத் தாண்டி நம் பெற்றோரின் எண்ணம் செல்வது அரிது. அவ்வாறு சென்றாலும், தயக்கத்தோடு உச்சரிக்கப்படும் பெயர் ஒன்று உண்டு. அதுவே செவிலியர் பட்டப் படிப்பு. அது குறித்துச் சில செய்திகளை அன்பர்களுக்கு எடுத்துரைப்பது பயன் தரும் என்று கருதுகிறோம்.

வேலூரும் தில்லியும்

நோயாளியைப் பேணுதல் பெண்களுக்கு இயல்பாகவே வருவது. அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். இவ்வினாவுக்கு வரலாறே விடை கூறும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பயிற்சிப் பள்ளி 1860ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டிலேயே செவிலியருக்குப் பயிற்சி தரும் முயற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியை நிறுவினார். இவையெல்லாம் மருத்துவமனையைச் சார்ந்த பயிற்சிகளே. பட்டப் படிப்புகள் அல்ல.

1946ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் இக்கல்வி பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்தது. அவ்வாண்டில் இரண்டு இடங்களில் பட்டப் படிப்பு தொடங்கப்பெற்றது. ஒன்று தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செவிலியர் கல்லூரி. நாட்டின் முதல் சுகாதார அமைச்சராகிய ராஜ்குமாரி அம்ருத் கௌர் அம்மையாரின் பெயரை அக்கல்லூரி பின்னர்ப் பெற்றது. மற்றொன்று, அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. தலைநகரும் தமிழகமும் ஒரே ஆண்டில் முன்னடி வைத்த துறை இது என்பது வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் பெருமையோடு நினைவுகூரத் தக்கது. அடுத்த ஆண்டிலேயே, 1947இல், இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம், அம்மன்றத்தின் இடத்தில் தேசிய ஆணையம் ஒன்று அமைய வழி செய்துள்ளது.

நான்கு ஆண்டுகளில் கற்பது

பட்டப் படிப்பின் காலம் நான்கு ஆண்டுகள். 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட புதிய பாடத்திட்டத்தின்படி அது எட்டுப் பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. உடற்கூறு, உடலியல், சமூகவியல், உளவியல் ஆகியவற்றோடு தொடங்கி, உயிர்வேதியியல், உணவூட்டம், நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்குறியியல் என்று பாடங்கள் விரிகின்றன. பின்னர்க் குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம், மகப்பேறு, ஆராய்ச்சி முறை, புள்ளியியல் ஆகியவை வருகின்றன. இறுதிப் பருவம் முழுமையும் மருத்துவமனையில் உள்ளிருப்புப் பயிற்சியாக அமைகிறது.

இத்துணைப் படிப்பும் எதற்காக என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு நோயாளிக்கு 500 மில்லி லிட்டர் திரவத்தை 4 மணி நேரத்தில் இரத்தக் குழாய் வழியே செலுத்துமாறு மருத்துவர் எழுதுகிறார். மருத்துவமனையிலுள்ள குழாய் ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விடக்கூடியது. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000 சொட்டு. 4 மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. எழுதுபவர் மருத்துவர், அந்த 42 சொட்டைக் கணக்கிட்டுச் சரிசெய்து, இரவு இரண்டு மணிக்கும் கண்விழித்துக் கவனிப்பவர் செவிலியர். வேகம் மிகுந்தால் இதய நோயாளிக்கு மூச்சுத் திணறும். குழந்தையாயின் ஆபத்து இன்னும் விரைவில் வரும். இதனை உணர்ந்தோர், அன்பு மட்டும் இருந்தால் போதும் என்று கூறத் துணியார். அன்போடு அறிவும் வேண்டும்.

தயக்கத்தின் வேர்

நம் இல்லங்களில் எழும் தடைகள் மூன்று: இரவு வேலை, அந்நியரைத் தொட்டுச் செய்யும் பணி, திருமணத்துக்கு இடையூறாகுமோ என்ற அச்சம். தீட்டு என்னும் பழைய எண்ணம் இத்துறையை நெடுங்காலம் கிறிஸ்தவப் பெண்களுக்கும் ஆங்கிலோ-இந்தியப் பெண்களுக்குமே பெரிதும் விட்டு வைத்தது. எல்லாருடைய உயிரையும் காத்த பணியை எல்லாரும் செய்ய முன்வரவில்லை என்பதே இதன் பொருள்.

தில்லியில் வாழும் ஒரு குடும்பத்தில் நடந்ததை இங்கே குறிப்பிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் செவிலியர் படிப்பு வேண்டும் என்றாள். "ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்று ஊரார் உடம்பைத் துடைக்கிற வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு?" என்றார் பாட்டியார். "பாட்டி, போன வருஷம் உங்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது உங்களைத் துடைத்து விட்டவளும் ஒரு வீட்டுப் பெண்தானே?" என்று பேத்தி கேட்டாள். பாட்டியார் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் உண்மையான இடர் வேறு வடிவில் வந்தது. தரகர் ஒருவர் வீடு தேடி வந்து, வெளியூர்க் கல்லூரி ஒன்றின் பெயரைச் சொல்லி, "இன்றே முன்பணம் கட்டிவிடுங்கள் சார், இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தினார். குடும்பத்தின் சேமிப்பெல்லாம் அத்தொகையில் அடங்கும். தந்தையார் இரண்டு நாள் தவணை கேட்டு, அம்மாநிலச் செவிலியர் மன்றத்தின் பட்டியலைப் பார்த்தார். அக்கல்லூரிக்கு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு நடத்தத்தான் அனுமதி இருந்தது. பட்டப் படிப்புக்கு இல்லை. பணம் தப்பியது, அவ்வாண்டு சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெண் ஓராண்டு வீட்டிலிருந்து படித்து, மறு ஆண்டு நுழைவுத் தேர்வு எழுதி அரசுக் கல்லூரியில் சேர்ந்தாள். ஓர் ஆண்டு போயிற்று. நான்கு ஆண்டுகள் பிழைத்தன.

சேருமுன் கேட்க வேண்டியவை

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றோடு ஆங்கிலமும் படித்துத் தேறியிருத்தல் வேண்டும். பொதுப் பிரிவினர்க்குக் குறைந்த அளவு மதிப்பெண் நூற்றுக்கு 45; அட்டவணை இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 40. சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளன்று வயது 17 நிறைந்திருக்க வேண்டும். எய்ம்ஸ் நிறுவனங்கள் தனியே நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. இராணுவச் செவிலியர் பணிக்கான பட்டப் படிப்பில் சேர விரும்பும் பெண்கள் நீட் தேர்வு எழுத வேண்டும். தமிழகத்தில் இடம் நாடுவோர், வெளிமாநிலத்தில் படித்தவர்க்குத் தேவையான பூர்வீகச் சான்று முதலியவற்றை முன்னதாகவே விசாரித்துப் பெற்று வைத்தல் நலம்.

கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. பட்டப் படிப்புக்கே மாநில மன்றத்தின் ஏற்பு உண்டா? இந்தியச் செவிலியர் மன்றத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ளது? பயிற்சிக்குரிய மருத்துவமனை எது? இவற்றுள் இறுதிக் கேள்வியே தலையாயது. கல்லூரிக்கு 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை வேண்டும் என்பது விதி. நோயாளிகளைக் காணாமல் படித்த செவிலியர், நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவருக்கு ஒப்பாவார். இயன்றால் ஒருநாள் நேரில் சென்று வார்டுகளைப் பார்த்து வருதல் சிறந்தது. அஞ்சல் வழியில் இவ்வடிப்படைப் பட்டத்தைப் பெறலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா.

இன்னொன்றும் வெளிமாநிலத் தமிழர்க்கு மிகவும் இன்றியமையாதது. பட்டம் பெற்றதும் படித்த மாநிலத்தின் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்; வேறு மாநிலத்தில் பணிபுரியச் செல்வோர் பதிவை அங்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தந்தையின் பணிமாற்றமோ மகளின் திருமணமோ ஊர் மாற்றும்போது இப்பதிவே கைக்கொள்ளும் சாவியாகும்.

பட்டமும் பட்டயமும்

மூன்றாண்டுப் பட்டயம் தாழ்ந்ததன்று. பொருள் வசதி குறைந்தோர் அதனை முடித்து வேலையில் அமர்ந்து, பின்னர் இரண்டாண்டு மேற்படிப்பின் வழியே பட்டம் பெறலாம். எனினும் வேறுபாடு உண்டு. எய்ம்ஸ் நிறுவனங்களின் செவிலியர் பணித் தேர்வை, 2020இல் தொடங்கிய அதனை, பட்டதாரிகள் படிப்பு முடித்துப் பதிவு பெற்றவுடனே எழுதலாம். பட்டயம் பெற்றவர்க்கு ஐம்பது படுக்கை மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். மத்திய அரசுச் செவிலியர் அலுவலரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில், மாதம் 44,900 ரூபாய். தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் தொடக்க ஊதியம் இதனினும் மிகக் குறைவு என்பதையும் மறைக்கலாகாது. கடன் வாங்கிப் படிக்க வைப்போர் இதனை எண்ணியே கணக்கிட வேண்டும். எய்ம்ஸ் தேர்வில் ஐந்தில் ஒரு பங்கு இடம் ஆடவர்க்கு உரியது; ஆகவே மகன் விரும்பினாலும் தடுக்க வேண்டா.

படிப்பு எளிதன்று. காலையில் வார்டு, பிற்பகலில் வகுப்பு, மாலையில் குறிப்பேடு எழுதுதல், இடையிடையே இரவுப் பணி என்று நாட்கள் கழியும். ஊசி குத்திக்கொள்ளும் அபாயம் இருப்பதால் மஞ்சள் காமாலை பி தடுப்பூசி மூன்று தவணையும் முறையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் மரணத்தைக் காணும் நாளில் பெண் அழுதுகொண்டு வீடு திரும்பலாம். அப்போது, "வேண்டாம் விடு" என்று சொல்லாமல் அருகில் அமர்ந்து கேட்பதே பெற்றோர் செய்யத்தக்க உதவி.

நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் மொழி தெரியாத பெருமருத்துவமனையில் வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் கிடக்கும்போது, "தாத்தா, எங்கே வலிக்குது?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால் அவர் அடையும் ஆறுதலை நாம் அறிவோம். அக்குரல் நம் வீட்டுப் பிள்ளையின் குரலாக இருக்கலாம். இந்தக் கோடையில் வீட்டில் இப்பேச்சு எழுமானால், மறுக்கும் முன் ஒருமுறை விசாரியுங்கள். இசையும் முன் இருமுறை விசாரியுங்கள். சங்கத்து உறுப்பினருள் செவிலியராய்ப் பணியாற்றுவோரும் ஓய்வு பெற்றோரும் இருப்பர். அவர்களை நாடிக் கேளுங்கள். தரகரிடம் கேட்பதினும் அது நன்று.