ஆடு வெட்டியும் அடங்காத அச்சம்

1975-ஆம் ஆண்டில், கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே உள்ள சுங்கை வேயில், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மலாய்ப் பெண்கள் 40 பேர், ஆவி பிடித்தவர்களாய் அலறிப் புலம்பி நினைவிழந்த சம்பவம் நேர்ந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1978-இல், நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து நாளெல்லாம் வேலை செய்யும் பிரிவுகளிலே இருந்த சுமார் 120 பெண்களை அதே பீதி ஆட்கொண்டது. தொழிற்சாலையை மூன்று தினங்கள் மூட வேண்டியதாயிற்று. பொமோ எனப்படும் மலாய் மந்திரவாதி ஒருவர் வரவழைக்கப்பட்டு, வளாகத்திலேயே ஓர் ஆடு பலியிடப்பட்டது.

பினாங்கில் பிறந்த மானிடவியல் அறிஞர் ஐஹ்வா ஓங், சிலாங்கூரின் கோலா லங்காட் மாவட்டத்தில் தங்கி ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட நூல், இத்தகைய சம்பவங்களின் அந்தரங்கத்தை உலகத்தார்க்கு எடுத்துக் காட்டியது. மலாய்க் கிராமமாகிய கம்பத்தில் தாய் தகப்பன் பார்வையில் வளர்ந்து, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஆலைக்குள் வந்த அந்தப் பெண்கள், முறை மாறி மாறி வரும் இரவு வேலையையும், மேற்பார்வையாளரின் ஓயாத கண்காணிப்பையும், கழிப்பறைக்குப் போவதற்குக்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டிய சங்கடத்தையும் வாய்விட்டுச் சொல்ல வழியின்றித் தவித்தார்கள் என்பதும், வாய் சொல்லாததைச் சரீரம் சொல்லிற்று என்பதும் அவருடைய ஆராய்ச்சியின் சாரம். ஆலை நிர்வாகங்களோ அதை ஹிஸ்டீரியா என்று பெயரிட்டு, வேலியம் போன்ற மயக்க மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பின. ஆட்டைப் பலியிட்டதும் மாத்திரை கொடுத்ததும் தம்முள் வேறானவை போலத் தோன்றினாலும், என்ன வேதனை என்று அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் கேட்காமல் விட்டதில் இரண்டும் ஒன்றே என்பது என் அபிப்பிராயம்.

கூட்டமாகப் பிடிக்கும் அந்தப் பீதியும், தனி மனிதரைப் பல மாதங்கள் வாட்டும் பதற்றக் கோளாறும் ஒரே வியாதி அல்ல. மருத்துவ சாஸ்திரம் அவற்றை வேறு வேறாகவே பிரிக்கிறது. ஆனால் மனத்தின் பாரத்தை உடம்பின் வழியே வெளியிடும் வழக்கமும், அதைப் பேய் என்றும் செய்வினை என்றும் ‘கோழைத்தனம்’ என்றும் பெயரிட்டு ஒதுக்கும் வழக்கமும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் அப்படியே இருப்பதால்தான், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முந்திய சுங்கை வேயை இங்கே நினைவூட்ட நேர்ந்தது.

பயம் இயற்கை நமக்கு அளித்த காவல். ஆபத்து என்று மூளை கருதிய கணத்தில் அட்ரினலின் சுரந்து, ஹிருதயம் வேகமாக அடித்து, தசைகள் இறுகி, ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தேகம் தயாராகிறது. ஆபத்து நீங்கியதும் அது அடங்க வேண்டும். அடங்காமல், காரணம் சிறிதாயிருக்கக் கவலை பெரிதாகி, பெரும்பாலான நாட்களில் ஆறு மாதங்களுக்கு மேல் மனத்தைப் பிடித்துக்கொண்டு, உறக்கத்தையும் கவனத்தையும் கெடுத்து, எரிச்சலையும் அயர்ச்சியையும் தருமாயின், அதனைப் பொதுப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். கூட்டத்தில் வாய் திறக்கவே நடுங்குவது ஒரு வகை. மின்தூக்கி, மேம்பாலம், விமானம் என்று குறிப்பிட்ட ஒன்றுக்கு அஞ்சுவது மற்றொரு வகை.

இவற்றுள் மிகவும் திகிலூட்டுவது திடீர்ப் பீதித் தாக்குதல். ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் பாதையில் காலை வேலைக்கு விரையும் ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். பாதை சாலைக்கு அடியே சுரங்கம்போல் புகும் இடத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றி அவன் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்குகிறது, விரல் நுனிகள் மரத்துப்போகின்றன, ‘இதோ உயிர் போகிறது’ என்ற எண்ணம் எழுகிறது. மூச்சை வேகமாக இழுத்து விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, அதனாலேயே தலைச்சுற்றலும் மரமரப்பும் உண்டாகின்றன என்பது அவனுக்குத் தெரியாது. பெரும்பாலும் பத்து நிமிஷங்களுக்குள் அது உச்சத்தை எட்டிப் பிறகு தணிந்துவிடும். ஆனால் மறுநாள் அவன் அந்தப் பாதையைத் தவிர்க்கிறான். அடுத்த வாரம் நெடுஞ்சாலையையே தவிர்க்கிறான். சில மாதங்களில் வேலையையும் விட்டுவிடுகிறான். பீதி வந்து போனதைக் காட்டிலும், அது மறுபடி வருமோ என்று அஞ்சி வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வதுதான் உண்மையான நோய்.

இந்நிலையில் நம்மவர்கள் முதலில் செய்வது சாமி பார்க்கப் போவது. விபூதியும் கறுப்புக் கயிறும் எலுமிச்சம்பழமும் வந்து சேர்கின்றன. பிரார்த்தனையால் மனத்துக்குக் கிடைக்கும் ஆறுதலை நான் அலட்சியம் செய்யவில்லை. கோவிலுக்குப் போகிறவர் கிளினிக்குக்கும் போகலாம் என்பதே என் விண்ணப்பம். அதற்குக் குறுக்கே நிற்பது ஓர் ஊரின் பெயர். 1911-இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை தோன்றிய காலந்தொட்டு, அந்தப் பெயரையே வசவாக வழங்கிப் பழகிவிட்ட சமூகம் இது. ‘அங்கே அனுப்பிவிடுவார்கள்’ என்ற கூச்சத்தால், ஒரு வாரத்தில் கேட்டிருக்க வேண்டிய உதவியை ஐந்து ஆண்டுகள் ஒத்திப்போட்டவர்கள் எத்தனையோ பேர்.

உண்மையில் நடப்பது மிக எளிது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும், இரத்த சோகை இருந்தாலும், காப்பி மிதமிஞ்சினாலும் இதே படபடப்பு வரக்கூடுமாகையால் அவற்றை முதலில் சோதிப்பார்கள். 21 கேள்விகள் கொண்ட தாள் ஒன்றையும் கொடுப்பதுண்டு. கடந்த ஒரு வாரத்தில் வாய் உலர்ந்ததா, கை நடுங்கியதா, உடல் உழைப்பில்லாதபோதே மூச்சு வாங்கியதா என்று அது வினவும். அவசியமானால் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கோ கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார்கள். பெரும்பாலோர்க்கு அங்கே தங்க வேண்டிய அவசியமே நேராது.

அஞ்சியதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருவது. செர்ட்ரலின் போன்ற மருந்துகள் பலன் காட்டச் சில வாரங்களாகும். முதல் சில நாட்களில் படபடப்பு சற்றுக் கூடுவதும் உண்டு. அதற்காகப் பாதியில் நிறுத்தலாகாது. வேலியம் வகை மாத்திரைகளோ உடனே அமைதி தந்தாலும் நாளடைவில் பழக்கத்துக்கு அடிமையாக்குவன. குறுகிய காலத்துக்கு மட்டுமே, மருத்துவர் சொன்ன அளவில் கொள்ளத்தக்கன.

எப்போது போக வேண்டும்? அச்சத்தினால் வேலையோ படிப்போ உறவோ தடைப்படும்போது. போக வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தவிர்க்கத் தொடங்கும்போது. தூக்கத்துக்காக மதுவை நாடும்போது. முதன்முறையாக வரும் நெஞ்சுவலியைப் பதற்றம் என்று தாமாகவே முடிவுகட்டாமல், மாரடைப்பாயிருக்கக்கூடும் என்றெண்ணி உடனே அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவு எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. ஆதலால் போலீசுக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

1970 முதல் தொண்டாற்றி வரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணிலும், சுகாதார அமைச்சின் மனநல உதவியை 15555 என்ற எண்ணிலும் அழைக்கலாம். உங்கள் வீட்டில் எவரேனும் ‘நெஞ்சு படபடக்கிறது, பயமாயிருக்கிறது’ என்று மூன்றாம் முறை சொன்னால், அவரை அதட்டாமல், இந்த வாரத்திலேயே கிளினிக்குக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.