வண்டி கிளம்புவதற்கு முன்

2019 ஏப்ரலில், பிறந்து 15 நாளே ஆன ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு மங்களூரிலிருந்து ஓர் ஆம்புலன்ஸ் கேரளத்துக்குள் பறந்தது. இதயக் கோளாறு. திருவனந்தபுரம் போக வேண்டிய வண்டி, கேரள சுகாதார அமைச்சர் தலையிட்டதால் கொச்சிக்குத் திருப்பப்பட்டது. சுமார் 400 கி.மீ. தூரத்தை ஐந்தரை மணி நேரத்தில் கடந்த ஓட்டுநரைச் செய்திகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். எனக்கென்னவோ அந்த வேகத்தைவிட, பாதி வழியில் பயணத்தைச் சுருக்கிய முடிவுதான் பெரிதாகப் பட்டது.

பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் தயாரிப்பில்லாமல் கிளம்புவதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். முதல் பயம், குளிர். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு அந்த வித்தை அநேகமாகக் கைவராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் சேர்ந்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூட்டைக் காக்க வேண்டும். குறைமாதக் குழந்தையிடம் அந்தக் கொழுப்பும் போதாது, தோலும் மெல்லியது. உடல் வெப்பம் 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சங்கிலி தொடங்கிவிடும்: சூடேற்ற ஆக்சிஜனும் சர்க்கரையும் கூடுதலாகச் செலவாகும், ரத்தத்தில் அமிலம் ஏறும், நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும், ஆக்சிஜன் மேலும் குறையும். இந்தக் குழந்தையை ஏ.சி. ஓடும் காரில் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எவ்வளவு விரைந்தாலும், போய்ச் சேர்வது இன்னும் மோசமான குழந்தைதான்.

அதனால் கிளம்புமுன் சூடு, சர்க்கரை, மூச்சு, ரத்த ஓட்டம் நான்கையும் பார்த்துச் சரிசெய்கிறார்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அது வீண் அல்ல. வாசலில் நிற்கும் உறவினர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கடினம்.

சில இதயக் கோளாறுகளில் சிக்கல் வேறு. கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று, பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளும். நுரையீரலுக்கோ உடம்புக்கோ ரத்தம் போக அது ஒன்றே வழியாக இருந்தால், மூடுவது உயிருக்கே ஆபத்து. ‘புராஸ்டாகிளாண்டின் இ1’ மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினால் குழாய் திறந்திருக்கும். ஆனால் அதே மருந்து சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடும். மூச்சுக்குழாயில் டியூப் போடத் தெரிந்த ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும். சைரனால் அந்த வேலையைச் செய்ய முடியாது. தமிழ்நாட்டின் 108 சேவையில் இன்குபேட்டரும் வென்டிலேட்டரும் கொண்ட தனி வண்டிகள் பச்சிளங்குழந்தைகளுக்கென இருப்பது இதற்காகத்தான்.

எல்லா வண்டியையும்விடச் சிறந்தது தாயின் வயிறு. 28 வாரம் நிறையுமுன் பிறக்கும் குழந்தையின் மூளையில், ரத்த அழுத்தம் ஏறியிறங்கினாலே கசியக்கூடிய நுண்குழாய்கள் உண்டு. இங்கிலாந்துக் குழந்தைகளைப் பற்றி 2019இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட ஆய்வு, பெரிய மருத்துவமனையிலேயே பிறந்தவர்களைவிட, பிறந்த 48 மணி நேரத்துக்குள் இடம் மாற்றப்பட்டவர்களிடம் கடுமையான மூளைப் பாதிப்பு அதிகம் என்று காட்டியது. வண்டியின் குலுக்கல் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிறந்த இடத்தில் கிடைத்த முதல் கவனிப்பும் சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும், குறைப்பிரசவம் நேரும் என்று தெரிந்தவுடன் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டு, தாயையே மாற்றிவிடுவது நல்லது.

இன்குபேட்டர் வண்டி கிடைக்காத ஊர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நிலை சீரான குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்தபடியே கொண்டுபோகும் ‘கங்காரு’ முறையை ஜெர்மனியில் சோதித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழந்தைகளின் உடல் வெப்பம் நிலையாகவே இருந்தது.

கடைசியாக, ரெஃபரல் சீட்டு. பிறந்த நேரம், எடை, உடனே அழுததா, வைட்டமின் கே போட்டாயிற்றா, எந்த ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்கு, தாயின் ரத்த வகை, இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தாய் பெரும்பாலும் சிசேரியன் முடிந்து பழைய மருத்துவமனையிலேயே படுத்திருப்பார். கூடப் போகும் அப்பாவுக்கோ பாட்டிக்கோ இதில் பாதி தெரியாது; போய் இறங்கியதும் அவர்களிடம் கேட்கப்படுபவை இவைதான்.