உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையோடு வெளிநாடு போகும் முன்

● பிரிந்து வாழும் தாயோ தந்தையோ தனியாகவே கையெழுத்துப் போட்டுக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்கலாம். இருவரும் சம்மதித்தால் தர வேண்டிய உறுதிமொழிப் படிவம் அனெக்சர் 'டி'. ஒருவர் கையெழுத்து இல்லையென்றால் அனெக்சர் 'சி'. மற்றவர் கையெழுத்து ஏன் இல்லை என்று அதில் காரணம் சொல்லி, விளைவுகளுக்கு நானே பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும். தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு வருகிறவர்களில் சிலர் இன்னமும் இதைப் பத்திரத்தாளில் டைப் அடித்து, நோட்டரி முத்திரையும் குத்தி எடுத்து வருகிறார்கள். வீண் செலவு. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியதிலிருந்து வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழி போதும். அப்போதுதான் 15 அனெக்சர்கள் 9 ஆகக் குறைந்தன; விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்றும் ஆனது.

● பெண் தன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கக் கணவர் கையெழுத்து வேண்டுமா? வேண்டாம். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் கணவர் கையெழுத்தைக் கேட்டது. அவர் வழக்குப் போட்டார். கல்யாணம் ஆனதால் பெண் தன் அடையாளத்தை இழப்பதில்லை என்ற நிலையில் நின்று, கணவரின் அனுமதி தேவையில்லை என 2025 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். பிரிந்துபோனவரிடமே போய்க் கையெழுத்து வாங்கி வா என்பது என்ன நியாயமோ!

● பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். பாஸ்போர்ட் அலுவலகம் தருவது ஒரு பயண ஆவணம், அவ்வளவுதான். பிள்ளை யாரிடம் வளர வேண்டும், எந்த நாட்டில் வளரலாம் என்பது நீதிமன்றத்தின் வேலை. விசா அதிகாரி கேட்பதும் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவைத்தான், அல்லது மற்றவரின் சம்மதக் கடிதத்தை.

● இந்த விஷயத்தில் நாட்டிலேயே பேர்போன பழைய வழக்கு நம் அடையாற்றில் பிறந்தது. பிரம்மஞான சபையில் வேலை பார்க்க 1909-ல் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர் ஜி. நாராயணய்யா, வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். 1910 மார்ச் 6-ஆம் தேதி, தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தா இருவருக்கும் சபைத் தலைவர் அன்னி பெசன்ட்டைக் காப்பாளராக ஏற்று எழுதிக் கொடுத்தார். ஆம், பிற்காலத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்று உலகம் அறிந்தவர்தான் அந்தப் பையன். பெசன்ட் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அழைத்துப் போய் அங்கேயே தங்க வைத்தார். தந்தைக்கு மனம் மாறியது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்று, 1912 அக்டோபரில் வழக்குப் போட்டார்.

எங்கே போட்டார் தெரியுமா? செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில். அடையாறு அப்போது அந்த எல்லைக்குள் இருந்தது. பிறகு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. தந்தைக்கு வக்கீல் சி.பி. ராமசாமி ஐயர், பெசன்ட்டோ தன் வழக்கைத் தானே வாதாடினார். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் பையன்களைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னார். மேல்முறையீட்டிலும் பெசன்ட்டுக்குத் தோல்வி. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் அங்கே தீர்ப்பு தலைகீழானது.

காரணம் சுவாரசியமானது. தந்தை கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது என்று பிரிவி கவுன்சில் சொல்லவில்லை. காப்பாளர் பொறுப்பை நிரந்தரமாகத் தாரைவார்த்துவிட முடியாது என்றே சொன்னது. ஆனால் பையன்கள் வசிப்பது இங்கிலாந்தில், செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அவர்கள் மேல் அதிகாரம் இல்லை, பையன்களின் விருப்பத்தையும் யாரும் கேட்கவில்லை என்றது. சட்ட நியாயம் தந்தை பக்கம், பிள்ளைகள் கடல் கடந்த பக்கம்! பிள்ளை ஊரைவிட்டுப் போன பிறகு உள்ளூர் நீதிமன்றத்தின் கை எவ்வளவு குட்டையாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

● அந்த வழக்கில் பேசப்பட்ட 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். பிள்ளை தாம்பரத்தில் இருந்தால் செங்கல்பட்டு. வேளச்சேரியில் இருந்தால் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள குடும்ப நல நீதிமன்றம். கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது கணக்கில் வராது.

● நீதிமன்றம் நியமித்த காப்பாளர், அந்த நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் பிள்ளையை அதன் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு. விலக்குகள் உண்டு. ஆனால் மெல்பர்னுக்குக் குடிபோவது விலக்கில் அடங்காது.

● 'அப்பாதான் கார்டியன்' என்ற பேச்சு 1999 பிப்ரவரி 17 அன்றே உடைந்துபோனது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தந்தை கையெழுத்துக் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனார். தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளை விஷயத்தில் அக்கறை காட்டாமல் ஒதுங்கி இருந்தால், தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று தீர்ப்பு வந்தது.

● மகளிர் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய சமாதானக் கடிதம், பெரியவர்கள் முன்னால் போட்ட விடுதலைப் பத்திரம் இவையெல்லாம் கஸ்டடி உத்தரவு ஆகா. தூதரகத்தில் நீட்டினால் திரும்பித்தான் வரும்.

● கஸ்டடி உத்தரவு என்றைக்கும் இறுதியானது அல்ல. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போன ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. அதையே பிடித்துக்கொண்டு 2010-ல் ஒரு தாய்க்கு வழி பிறந்தது. விக்ரம் வீர் வோரா வழக்கில், ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்த தாய் மகனை அழைத்துப் போகலாம், தந்தை பார்த்துவர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நேர்வழியில் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது ஒன்று.

● கேட்காமல் போனால்? அமெரிக்காவிலிருந்து 2007-ல் மகனோடு இந்தியா வந்த தாய் ஒருவரைத் தேடச் சொல்லி உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.-யிடம் ஒப்படைத்தது. 2009 அக்டோபரில் இருவரும் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். அடுத்த மாதமே, பிள்ளையை அமெரிக்காவுக்குத் திரும்பக் கொண்டுபோகச் சொல்லித் தீர்ப்பு. ரவிச்சந்திரன் வழக்கு என்றால் வக்கீல்களுக்குப் புரியும். ஆனால் 2017-ல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், வெளிநாட்டு உத்தரவைவிடப் பிள்ளையின் நலனே முதன்மை என்று, மகளை இந்தியாவில் தாயிடமே விட்டது. ஆக, எது நடக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

● பிள்ளைக் கடத்தல் தொடர்பான 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் நூறு நாடுகளுக்கு மேல் சேர்ந்துள்ளன. இலங்கை 2001-லேயே சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் இல்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-ல் பரிந்துரைத்தும் அப்படியே கிடக்கிறது. இதனால் நமக்கும் பாதிப்பு உண்டு: இங்கிருந்து கொண்டுபோகப்பட்ட பிள்ளையை மீட்க அந்த ஒப்பந்தத்தின் கதவு நமக்குத் திறக்காது.

● கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில், கூட வராத தாய் அல்லது தந்தை தர வேண்டிய சம்மதப் படிவத்தின் எண் ஐஎம்எம் 5604. ஆஸ்திரேலிய விசாவுக்கு அதுபோல 1229. இங்கிலாந்தில் ஒரு பெற்றோரோடு மட்டும் சேர வரும் பிள்ளைக்கு, முழுப் பொறுப்பும் அவரிடமே இருந்தது என்று நிரூபிக்க வேண்டிவரும்.

● கனடா விஷயத்தில் இன்னொன்று. பிள்ளை முன்னாள் கணவரோடு இருக்கிறது, நம்மோடு வரப்போவதில்லை என்று நினைத்து விண்ணப்பத்தில் பெயரையே விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் மனம் மாறி அந்தப் பிள்ளையை ஸ்பான்சர் செய்ய முயன்றால் கதவு அடைபடக்கூடும். வராத பிள்ளையையும் எழுதுங்கள்.

● அமெரிக்காவில் பிறந்து இப்போது குரோம்பேட்டையில் வளரும் பிள்ளைகள் கணிசம். 16 வயதுக்குக் கீழ் அமெரிக்கப் பாஸ்போர்ட் 5 ஆண்டுதான் செல்லும். புதுப்பிக்க இரு பெற்றோரும் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வர வேண்டும். வராதவர் நோட்டரி சான்றோடு சம்மதக் கடிதம் தர வேண்டும். இங்கே வெள்ளைத்தாள் செல்லாது.

● பரஸ்பர விவாகரத்து மனுப் போடும்போதே, வெளிநாட்டுப் பயணம், குடியேற்றம், பாஸ்போர்ட் புதுப்பித்தல், பிள்ளையை மற்றவர் பார்க்கும் நாட்கள் என நான்கு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஆன்சைட் வாய்ப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, கோபம் ஆறிய நேரத்தில் எழுதி வாங்குவது சுலபம்.

● பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இதைத் தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். டிக்கெட் போடும் முன் அழையுங்கள்.