வாடிக்கையாளருக்கு இணையதளம்: எதில் கட்டிக் கொடுப்பது?

கணினி படித்த நம் பிள்ளைகள் சிலர் கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கும் வேலையைக் கையில் எடுக்கிறார்கள். மலையை விட்டு இறங்காமல் செய்யக்கூடிய தொழில் என்பதால் பெற்றோருக்கும் இதில் ஆர்வம் உண்டு. வேலைக்கும் இங்கே இடம் இருக்கிறது. வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்கு வருகிறவர்களில் பலர் தங்குமிடத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறார்கள். மிளகும் காப்பியும் விற்பவர்களுக்கும் கீழ்நாட்டு வாடிக்கையாளர் தேவை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த சி.எம்.எஸ். என்பது. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என்று தமிழில் சொல்லலாம். எழுத்தையும் படத்தையும் ஒரு பக்கம் வைத்து, தோற்றத்தை வேறொரு பக்கம் வைப்பதுதான் அதன் வேலை. இதனால் நிரல் தெரியாத கடைக்காரரும் உள்ளே நுழைந்து விலையை மாற்றிவிடலாம்.

எது சிறந்தது என்று பிள்ளைகள் வாதாடுவதைப் பார்க்கிறோம். எங்கள் எண்ணத்தில் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: தளத்தைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்? முகவரி, தொலைபேசி எண், நான்கு படங்கள், ஆண்டுக்கு ஒருமுறைகூட மாறாது என்றால் சி.எம்.எஸ். எதுவும் வேண்டாம். சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்கள் போதும். சிக்னல் குறைந்த இடத்திலும் சீக்கிரம் திறக்கும், பராமரிப்பும் கிட்டத்தட்ட இல்லை. வாரம் ஒருமுறை விலை மாறும் கடைக்குத்தான் சி.எம்.எஸ். தேவை.

அப்படித் தேவைப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேர்ட்பிரஸ் பொருந்தும். மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 2003இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. இன்று உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. நிர்வாகப் பக்கத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். செய்து கொடுத்தவர் நாளை வெளியூர் போனாலும், அதைத் தெரிந்த இன்னொருவர் நாமக்கல்லிலோ சேலத்திலோ கிடைப்பார். சிறு வியாபாரிக்கு இது பெரிய பாதுகாப்பு.

ட்ரூபல் 2001 முதல் இருக்கிறது. பல துறைகள், பல பொறுப்பாளர்கள் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றது; மளிகைக் கடைக்கு அதிகம். ஜூம்லா 2005இல் மாம்போ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. பெயர் ஸ்வாஹிலி மொழியில் ‘எல்லோரும் சேர்ந்து’ என்ற பொருளுள்ள சொல். அங்கே அரபியிலிருந்து போனது. மதரஸாவில் இலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு ஜும்லா என்றால் வாக்கியம் என்று தெரியும். பெயர் நம்மோடு நெருக்கம் என்றாலும், புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் குறைவு.

விக்ஸ் போன்ற வாடகைச் சேவைகளில் வேலை சுலபமாக முடியும். ஆனால் அங்கே கட்டிய தளத்தை அப்படியே தூக்கி வேறு சர்வரில் வைக்க முடியாது. வாடகை உயர்ந்தால் கொடுத்தே ஆக வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எதை எடுத்தாலும் புதுப்பித்தல் தவறக் கூடாது. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7இல் ஒரு பெரிய ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. ஏழு மணி நேரத்துக்குள் அதைப் போடாத தளங்கள் பிறர் கைக்குப் போய்விட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழுவே பின்னர் அறிவித்தது. வேர்ட்பிரஸ் 2013இல் வந்த 3.7 பதிப்பு முதல் சிறு பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது. ப்ளகின்களை நாம்தான் கவனிக்க வேண்டும். ஆகவே குறைவாகப் போடுங்கள். விலையுள்ள தீம்களின் பூட்டுடைத்த பிரதிகள் சும்மா கிடைக்கும்; அவற்றில் திருட்டு நிரல் ஒளிந்திருப்பது வழக்கம். வாடிக்கையாளர் தளத்தில் அவற்றை ஏற்றுவது முறையல்ல.

டொமைன் பெயரை வாடிக்கையாளர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும்தான் பதிவு செய்ய வேண்டும். கடவுச்சொற்கள் நம்மிடம் இருக்கும் அமானத். பணத் தகராறு வந்தாலும் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஆண்டுப் பராமரிப்புக்கு எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்பதை வேலை தொடங்குமுன் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எங்களுக்குத் தெரிந்த வரையில் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் வருகிறது, மென்பொருளால் அல்ல.

தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு ஒரு சிறு விஷயம். வேர்ட்பிரஸ் பக்கத் தலைப்பிலிருந்தே அதன் முகவரியை உண்டாக்கும். அதற்கு 200 குறிகள்தான் இடம். ஒரு தமிழ்க் குறி அங்கே ஒன்பது குறிகளாக விரியும். கால், கொம்பு எல்லாம் தனியே கணக்காகும் என்பதால் சுமார் 22 குறிகளில் முகவரி துண்டாகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக நீண்டு, கடைக்காரர் வைரஸ் என்று பயப்படுவார். தலைப்பைத் தமிழில் வைத்து, முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.