பொத்தானில் இல்லை கூர்மை

முதல் மடக்குக் கத்தி வாங்குபவர்கள் பார்க்கத் தவறுவது இரண்டு: சட்டம் சொல்லும் அளவு, சாணைக்கல்

உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் ஒரு நாற்சந்தியில் 20 அடி நீளக் கத்தி ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கிறது. 2023 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட இந்தச் சிலை எதையும் வெட்டாது. ஊரின் பழைய பெருமையை நினைவூட்டுவது மட்டுமே அதன் வேலை. அறுபது, எழுபதுகளின் இந்திப் படங்களில் வில்லன் சட்டைப்பையிலிருந்து எடுப்பான். 'கட்டக்' என்று ஓர் ஓசை. கதாநாயகியின் முகம் வெளிறும். அந்த ஓசைக்குப் பெயர் ராம்பூரி. திரையில் ஓங்கிய ராம்பூரி, பட்டறையில் தேய்ந்தது. 1990களில் நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்கு மாநில அரசு தடை விதித்தது. பிறகு மலிவான இறக்குமதிகள் வந்து குவிந்தன.

ஆனால் அந்த ஓசையின் மீதுள்ள மோகம் மட்டும் போகவில்லை. முதன்முதலாகக் கத்தி வாங்கக் கிளம்பும் இளைஞர் தேடுவது இன்றும் அதைத்தான்: பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்க வேண்டும், கறுப்பு நிறத்தில் இருக்க வேண்டும், பார்ப்பவர் ஒரு கணம் அசர வேண்டும். சில நூறு ரூபாய்க்கு அப்படிப்பட்டவை தாராளமாகக் கிடைக்கின்றன. அந்தக் கத்தியால் பார்சல் கயிற்றை அறுக்கலாம், ஒரு மாதம். பிறகு அது கயிற்றைக் கடிக்கும்.

அதற்கு முன்பே வேறொரு சிக்கல் வரக்கூடும். ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவை மட்டும் விலக்கு. பாக்கெட் கத்திக்கும் இதற்கும் வெகுதூரம் என்று தோன்றும். டில்லியில் அந்தத் தூரம் குறைவு. அங்கு 1980 அக்டோபரில் வெளியான அறிவிக்கை, ஸ்பிரிங்கால் திறப்பவை, பொத்தான் வைத்தவை, வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடுபவை ஆகிய கத்திகளைக் குறிவைத்தது. அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் சட்டத்தின் பார்வை அதன்மீது விழும். தலைநகரின் போலீஸ்காரர்கள் கத்தியைக் கைப்பற்றியதும் காகிதத்தில் அதன் படத்தை வரைந்து, அலகு இத்தனை, பிடி இத்தனை என்று சென்டிமீட்டர் கணக்கில் எழுதி வைப்பது இதனால்தான். சிறைத்தண்டனைக்கு இடம் இருக்கும் விஷயம் இது. 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறிய ஸ்கேலையும் எடுத்துச் செல்வது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் புத்திசாலித்தனம். மற்ற மாநிலங்களில் உள்ளூர்த் தடைகள் வேறாக இருக்கும். பொது விதி எளிது: மூன்று அங்குலத்துக்குக் குறைவு, பொத்தான் வேண்டாம், நகத்தால் திறக்க வேண்டும்.

இப்படிப்பட்ட கத்திக்கு நம் மொழியில் பழைய பெயர் உண்டு. பேனாக்கத்தி. ஆங்கிலேயர்கள் வாத்து இறகைச் சீவிப் பேனா செய்யப் பயன்படுத்திய சின்னக் கத்தியின் பெயர் இது. அதற்கும் முன்பே, ஓலை நறுக்கும் கத்தியும் எழுதும் ஆணியும் ஒரே பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி தமிழ்நாட்டில் இருந்தது. படித்தவன் மடியில் கத்தி இருப்பது அன்று யாரையும் பயமுறுத்தவில்லை.

எதை வாங்குவது? உலகம் முழுவதும் ஆரம்பக்காரர்களுக்குச் சொல்லப்படும் பெயர்கள் இரண்டு. ஒன்று சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். 1884இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தது. நடுத்தர அளவுக் கத்தியின் பெரிய அலகு சுமார் 7 செ.மீ. பூட்டு கிடையாது. இன்னொன்று பிரான்சின் ஒபினெல். 1890இலிருந்து ஏறக்குறைய அதே உருவம்: ஒரு மரப்பிடி, ஓர் அலகு, 1955இல் சேர்ந்துகொண்ட ஒரு திருகு வளையம். அதில் 6ஆம் எண் சுமார் 7 செ.மீ. அலகு கொண்டது; புகழ்பெற்ற 8ஆம் எண் எட்டரை செ.மீ. என்பதை டில்லிவாசிகள் கவனிக்க வேண்டும். மரப்பிடிக்கு ஒரு குணம்: மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பிவிடும். ஜூலை மாத மும்பையில் அலகு பிடிக்குள் இறுகிக்கொண்டு வெளியே வர மறுத்தால் கத்தியின்மீது கோபித்துப் பயனில்லை.

இந்த விலையும் அதிகம் என்பவர்கள் உள்ளூர்க் கடையிலேயே நல்ல கத்தி எடுக்கலாம். பார்க்க வேண்டியதைப் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. மூடினால் நுனி பிடிக்குள் முழுமையாக மறைய வேண்டும். அலகின் இரண்டு பக்கச் சரிவும் ஒரே அகலத்தில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் பட்டையாகவும் மறுபக்கம் கோடாகவும் இருந்தால் அவசரத்தில் தீட்டப்பட்டது என்று அர்த்தம். அலகின் மேல் ஓடும் டமாஸ்கஸ் அலைக்கோலத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. மலிவுக் கத்திகளில் அது பெரும்பாலும் மேற்பரப்பில் பதித்த படம்தான்.

இரும்பைப் பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். ஆரம்பக்காரருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம். துருப்பிடிக்காத மலிவு எஃகு மென்மையானது. சீக்கிரம் மழுங்கும், ஆனால் சீக்கிரம் தீட்டவும் வரும். கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும். ஆனால் மாங்காய் நறுக்கித் துடைக்காமல் வைத்தால் மறுநாள் கறுத்துப் போகும். சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் துருவும் வரும். மிகக் கடினமான விலையுயர்ந்த எஃகு, கற்றுக்கொள்பவருக்கு எதிரி. மாதக்கணக்கில் கூர் தாங்கும், உண்மை. மழுங்கிய பிறகு சாதாரணக் கல்லில் மணிக்கணக்கில் தேய்த்தாலும் அசையாது. மென்மையான கத்தி மன்னிக்கும். தப்பாகத் தீட்டினாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்ளலாம்.

உண்மையில் கத்தியின் விலையில் கால்வாசியைக் கல்லுக்கு ஒதுக்குபவரே கெட்டிக்காரர். ஹார்டுவேர் கடைகளில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமாகக் கிடைக்கும் கறுப்புக் கல் போதும். சிலிக்கன் கார்பைடு என்ற இந்தப் பொருளை அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் கண்டுபிடித்ததும் 1891தான். எல்செனரின் கத்திகள் ராணுவத்துக்குப் போன அதே ஆண்டு. அவர் வைத்த பெயர் கார்போரண்டம். 1954இல் சென்னையில் முருகப்பா குழுமம் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் வழியாக அந்தப் பெயர் இந்தியத் தச்சர்களின் பேச்சுவழக்கிலும் ஏறிவிட்டது.

இனி கோணம். பலரும் தோற்பது இங்கேதான். அலகைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பக்கம் கீறும், கூர் வராது. நிமிர்த்தினால் இருக்கும் கூரும் போகும். பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி என்பது பாக்கெட் கத்திக்குப் பொருத்தம். கோணமானி தேவையில்லை. சதுரக் காகிதத்தின் மூலையை ஒரு முறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22 சொச்சம்; அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. கணக்கு வேண்டுமென்றால், ஒன்றரை செ.மீ. அகல அலகின் முதுகு கல்லிலிருந்து அரை செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். கூரின் இரு சரிவுகளிலும் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுத் தேய்த்தால், மை எங்கே அழிகிறது என்பது கோணத்தைக் காட்டிக்கொடுக்கும். விளிம்பில் மை நின்றால் முதுகு தாழ்ந்திருக்கிறது. மேலே நின்றால் உயர்ந்திருக்கிறது.

கல்லுக்கு அடியில் ஈரத்துணி, மேலே தண்ணீர். எண்ணெயும் ஆகும்; ஆனால் ஒரு முறை எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் சரிப்படாது. சொரசொரப்புப் பக்கத்தில், மெல்லிய தோல் ஒன்றைச் சீவுவதுபோல, அடியிலிருந்து நுனிவரை ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். எத்தனை முறை? எண்ணிக்கை கிடையாது. மறுபக்கத்தில் பிசிறு எழும்பும்வரை. விரலைக் கூரின் நீளவாட்டில் ஓட்டாமல், முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே இழுத்தால் நகத்தில் தட்டும் மயிரிழை போன்ற சொரசொரப்பே பிசிறு. இரண்டு சரிவுகளும் சந்தித்துவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. அடி முதல் நுனிவரை அது தட்டுப்படாமல் பக்கம் மாற்றுவதால்தான் அரைமணி நேரம் தேய்த்தும் கத்தி வெட்டவில்லை என்ற புலம்பல் எழுகிறது. நுனிதான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

பிசிறு எழுந்ததும் அடுத்த பக்கம், அதேபோல. பிறகு நயமான பக்கத்தில் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்க வேண்டும். மிச்சமுள்ள பிசிறைப் பழைய தோல் பெல்ட்டின் உட்புறம் எடுத்துவிடும். முதுகு முன்னால், கூர் பின்னால் வருமாறு பத்து முறை. திசை தவறினால் பெல்ட் இரண்டாகும். கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வளையம் ஒன்று தெரியும். மழுங்கத் தொடங்கிய கூரை மீட்க அது போதும்.

வந்த கூரைக் கட்டைவிரலில் சோதிப்பது வீரம் அல்ல. செய்தித்தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அறுத்தால் கிழிகிறதா வெட்டுகிறதா என்று காதே சொல்லிவிடும். பழுத்த தக்காளியின் தோல் இன்னும் கறாரான நீதிபதி.

இத்தனை வேலை எதற்கு, தெருவில் சாணை பிடிப்பவர் வருவாரே என்று கேட்கலாம். தமிழில் சாணை, இந்தியில் சான்; இரண்டும் சம்ஸ்கிருதத்தின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. 'ஜஞ்ஜீர்' (1973) படத்தில் ஜெயா பாதுரி தெருவில் கத்தி தீட்டும் பெண்ணாக வந்தபோது அந்தக் குரல் எல்லா ஊர்த் தெருக்களிலும் கேட்டுக்கொண்டிருந்தது. சைக்கிளை நிறுத்திப் பெடலை மிதித்துச் சக்கரம் சுழற்றுபவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள். அரிவாள்மணைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மெல்லிய பாக்கெட் அலகுக்கு வேகமான வறட்டுச் சக்கரம் ஆகாது. தீப்பொறி பறக்கும் அழகில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால், எஃகின் பதம் அங்கே இறங்கிவிட்டது என்று பொருள். சுமார் 300 டிகிரி சூடு அதற்குப் போதும். அந்த நீலம் தேய்ந்து தீரும்வரை கூர் நிற்காது. கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சக்கரத்தில் நீர் சொட்டவிடும்படி கேட்பது நல்லது. சமையலறைக்கென்று விற்கும், பிளவுக்குள் கத்தியை இழுக்கும் சாதனமும் இதே ரகம்தான். தீட்டுவதைவிடச் செதுக்குவதே அதிகம்.

தீட்டிய கத்திக்குப் பராமரிப்பு சொற்பம். மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், எலுமிச்சை நறுக்கினால் உடனே துடைப்பு. டப்பா மூடியை நெம்பவோ திருகாணியைத் திருகவோ கூடாது. நுனி முறியும், பூட்டில்லாத அலகு விரல்மேல் மடங்கும். விமானத்தில் ஏறுபவர்கள் அதைக் கைப்பையில் மறந்துவிடாமல் சரக்குப் பெட்டிக்குள் போட்டு அனுப்ப வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் அகப்படும் கத்தி எவ்வளவு சிரத்தையாகத் தீட்டப்பட்டது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.