வட்டத்துக்குள் விழும் அலைநிழல்

தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் ஒளிபரப்பு எல்லையை வட்டமாக வரைந்து காட்டுவது வழக்கம் என்றாலும், கொடைக்கானலிலிருந்து கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு எல்லைகளை நோக்கிப் புறப்பட்ட அலைகளுக்கு அந்த வட்டம் சிறிதும் பொருந்தவில்லை.

தூர்தர்ஷன் தனது உயர்திறன் நிலையம் ஒன்றை நிறுவிய கொடைக்கானல், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அடர்த்தி குறைவதால் அலைகள் சற்றே கீழ்நோக்கி வளைகின்றன. அவ்வளைவையும் சேர்த்துக் கணக்கிட, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை தடையின்றிச் சென்று புவியைத் தொடும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். இக்கணக்கின்படி கொடைக்கானலின் அலைத்தொடுவானம் சுமார் 189 கிலோமீட்டர். பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்துள்ள வீட்டுக்கு மேலும் 13 கிலோமீட்டர் கூடும். நேர்க்கோட்டில் மூணாறு ஏறத்தாழ 50 கிலோமீட்டரிலும் பாலக்காடு ஏறத்தாழ 110 கிலோமீட்டரிலும் இருப்பதால், இரண்டும் வட்டத்துக்குள்ளேயே அடங்குகின்றன.

ஆனால் இடையில் மலை நிற்கிறது. பார்வைக்கோடு ஒரு முகட்டின் உச்சியை உரசிச் செல்லும் நிலையிலேயே, விளிம்பு விளைவினால் மின்புலத்தின் வலிமை பாதியாகிவிடும். முகட்டுக்குப் பின்னே பள்ளம் ஆழமாக ஆக இழப்பும் பெருகும். இதனால், கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கும் கிழக்குச் சரிவுக்குக் கிடைக்கும் அலை, அதே முகட்டின் மேற்கே தாழ்ந்திருக்கும் ஊருக்குக் கிடைக்காமல் போகலாம். பாலக்காட்டுக் கணவாய் கிழக்கே திறந்தே கிடந்தாலும், கொடைக்கானலிலிருந்து பாலக்காடு மாவட்டத்துச் சித்தூருக்கு இழுக்கும் கோடு, பழனிமலையின் மேற்குப் பகுதியையும் ஆனைமலையின் வடக்கு விளிம்பையும் ஒட்டியே செல்கிறது.

எனவே எல்லையை அளந்துதான் அறிய வேண்டும். முதலில், 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் திரட்டப்பட்டது போன்ற நில உயரத் தரவுகளைக் கொண்டு கணினி மதிப்பிடுகிறது. பின்னர், பத்து மீட்டர் உயரும் கம்பத்தில் அளவுதிருத்தப்பட்ட ஆன்டெனாவை ஏற்றிய வாகனம் ஊர் ஊராகச் சென்று, புலவலிமையை, அதாவது ஒரு மீட்டர் நீளத்தில் அலை எழுப்பும் மின்னழுத்தத்தை, பதிவு செய்கிறது. 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பழைய அனலாக் ஒளிபரப்புக்கு, மீட்டருக்கு ஏறத்தாழ 560 மைக்ரோவோல்ட் வேண்டும் என்பது பன்னாட்டுப் பரிந்துரை. ஆனால் வரைபடத்தில் காணும் எல்லைக்கோடு பெரும்பாலும் புள்ளியியல் கோடே: அக்கோட்டின் அருகே உள்ள இடங்களில் பாதியில், பாதி நேரமேனும், அந்த வலிமை கிடைக்கும் என்பதே அதன் பொருள். சமவெளியில் இது போதுமான விளக்கமாக இருக்கலாம். தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில், தம் மொழியான தமிழில் ஒளிபரப்பை நாடும் தொழிலாளர் குடும்பங்கள் பள்ளத்தில் வாழும்போது, கிடைக்காத மற்றப் பாதியில் அவர்களே அடங்கிவிடக் கூடும் என்பதை அந்தக் கோடு மறைத்துவிடுகிறது.

வலிமை மட்டும் இருந்தாலும் போதாது. எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை மூன்று கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தால் பத்து மைக்ரோநொடி தாமதமாக வந்து சேரும். அரை மீட்டர் அகலத் திரையில், முதற்படத்துக்கு வலப்புறம் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் தள்ளி, மங்கலான இரண்டாம் உருவம் அனலாக் ஒளிபரப்பில் தோன்றியது. டிஜிட்டல் ஒளிபரப்பு இந்த எதிரொலிகளைப் பெருமளவு தாங்கிக்கொண்டாலும், குறைந்தபட்ச வலிமைக்குக் கீழே மங்கலான படத்தைக்கூடத் தராமல் முழுவதுமாக நின்றுவிடுகிறது. அதனால்தான் டிஜிட்டல் திட்டமிடலில், ஒரு சிறு பரப்பின் 95 விழுக்காடு இடங்களில் அலை கிடைத்தால் மட்டுமே அதை நல்ல சேவை என ஏற்கிறார்கள்.